கணவாய் மீனோ எண்டு கேட்டுத் திரிஞ்ச என்ர தம்பி

சாம்பல்தீவில பிறந்து, கண்டிப் பக்கம் மலையடியில இருவது வருசத்துக்கு மேல படிப்பிச்சு, திரும்பச் சாம்பல்தீவுக்கே வந்து கண்ணை மூடின என்ர தம்பியின்ர முதலாம் ஆண்டு நினைவுக்கு இந்தப் புத்தகம் அடிக்கிறம். சொந்தக்காரர், சிநேகிதர், அவனிட்டப் படிச்ச பிள்ளையள் எல்லாருக்கும் அக்கா கும்பிட்டுச் சொல்லுறன்: ஆறுதலா இருந்து வாசியுங்கோ. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என்ர பேத்தி சுகந்தி எழுதுறாள். புத்தகத்தில "அவர்" எண்டுதான் போட வேணுமாம். இடுப்பில தூக்கித் திரிஞ்ச பிள்ளையை எப்பிடியடி அவர் எண்டுறது எண்டு கேட்டன். விட்டிட்டாள்.

எனக்குக் களைப்பு. ஒரு வருசமாக் களைப்பு. செத்தவீடு செய்த களைப்பில்லை இது. முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அண்டு, பந்தலுக்குள்ள மோர் குடுத்துக்கொண்டு போறன், பின் வரிசையில ஆரோ கதைக்கிறது காதில விழுந்தது. "பெரிய படிப்புத்தான். ஆனா பொய் எழுதிப் பிடிபட்டவரெல்லோ. அதாலதான் பேராசிரியர் ஆகேல்ல." பக்கத்தில இருந்தவர், "ஓம், நானும் கேள்விப்பட்டனான்" எண்டார். நான் மோர்ச் செம்போட நிண்டன். அண்டையில இருந்து அந்தக் கதையைச் சுமந்துகொண்டுதான் கோழிக்குத் தவிடு போடுறன், அரிசி புடைக்கிறன். அது என்னை விட்டு இறங்குதில்லை.

அதை இதில இறக்கி வைக்கப்போறன். பொய் ஒண்டு இருந்தது உண்மை. அது தம்பியின்ர பொய் இல்லை, என்ர பொய். அதைச் சொல்லத்தான் நான் வந்தனான். ஆனா எடுத்தவுடன சொன்னால் உங்களுக்கு விளங்காது. தொடக்கத்தில இருந்து வாறன்.

தம்பி பிறக்கேக்க எனக்கு ஒம்பது வயசு. அவனுக்கு மூண்டு வயசில அம்மா செத்துப்போனா. ஐயா டொக்யாட்டில, வெள்ளைக்கார நேவிக்காரற்ற சாமான் களஞ்சியத்தில வேலை. விடியச் சைக்கிளில போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். சமையல், தம்பி, ரெண்டு ஆடு, எல்லாம் என்ர தலையில. நான் பள்ளிக்கூடம் போன நாளைக் கைவிரலில எண்ணலாம். அதுக்காக நான் ஒரு நாளும் அழேல்ல. ஆடு மேய்க்கிறது நல்ல வேலை. கதைக்க ஆக்கள் கிடைப்பினம்.

தம்பிக்குக் கேள்வி கேக்கிற வருத்தம் சின்னனிலயே வந்திட்டுது. ஒரு நாள் எங்கட கதிரை ஒண்டு கால் உடைஞ்சு போச்சு. அதைக் கொத்தி அடுப்பில வைப்பம் எண்டு கத்தியை எடுக்கிறன், இவன் வந்து கிட்டக் குந்தினான்.

"அக்கா, இது இப்ப கதிரையோ விறகோ?"

"விறகு."

"காலமை கதிரை எண்டனீங்க."

"காலமை நாலு கால் இருந்தது."

"இப்பவும் மூண்டு இருக்கே. எப்ப இருந்து விறகு?"

உலை வைச்சபடி கிடக்கு, ஐயா வாற நேரம். ஒரு குட்டுப் போட்டன். குட்டை வாங்கிக்கொண்டு, "அப்ப உங்களுக்கும் தெரியாது" எண்டிட்டுப் போயிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இப்பவும் சிரிப்பு வருகுது, பாருங்கோ. அந்த ஒரு கேள்வியைத்தான் அவன் பிறகு சாகும்வரைக்கும் வேறை வேறை சாமானை வைச்சுக் கேட்டுக்கொண்டிருந்தவன். பேத்தி சொல்லுறாள், அதுக்கு எண்ணக்கரு எண்டு பேராம். எனக்குத் தம்பி சொன்னது வேறை மாதிரி. "அக்கா, குசினியில நீங்க பெட்டி பெட்டியாச் சாமான் அடுக்கி வைச்சிருக்கிறீங்களெல்லோ, அப்பிடி மனிசற்ற மண்டைக்குள்ளயும் பெட்டி இருக்கோ, இருந்தால் மூடி இறுக்கமோ லேசோ எண்டு பாக்கிறதுதான் என்ர வேலை" எண்டான். "அதைப் பாத்து?" எண்டு கேட்டன். "பாத்தால் சரி. ஒண்டும் செய்யத் தேவையில்லை" எண்டான். அப்பிடியும் ஒரு உத்தியோகம் இருக்கு.

சுதந்திரம் கிடைச்சது எண்டு டவுனில கொடி ஏத்தின நாள் இவன் பெரிய வகுப்பில படிச்சுக்கொண்டிருந்தவன். வந்து ஐயாவைக் கேட்டான், "ஐயா, நேற்று இருந்த நாடும் இண்டைக்கு இருக்கிறதும் ஒரே நாடோ?" ஐயா கால் கழுவிக்கொண்டு நிண்டவர். "டொக்யாட்டில இண்டைக்கும் அதே வெள்ளைக்காரன்தான் நிண்டவன். அதே நாடுதான், வந்து சாப்பிடு" எண்டார். ஐயா கதை குறைச்சல். கதைச்சால் சரியாக் கதைப்பார்.

பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவுடன ஊரே வந்தது. டொக்டரோ, இஞ்சினியரோ எண்டு கேட்டினம். மெய்யியல் எண்டு சொன்னம். ஒரு மாமா, "பறவாயில்லை, அடுத்த வருசம் மாத்தலாம்" எண்டு ஆறுதல் சொன்னார். தம்பி மாத்தேல்ல. படிச்சு முடிய அங்கயே படிப்பிக்க வைச்சிருந்தவை. லண்டனுக்கும் அனுப்பினவை. மூண்டு வருசம் இருந்திட்டு வந்தான். ஒரு கம்பளிச் சட்டையும் இருமலும் கொண்டுவந்தான். அந்தச் சட்டை எங்கட வெக்கைக்கு உதவேல்ல. இருமல் இருந்தது.

படிப்பிக்கிறது லேசான வேலை எண்டு நினையாதேங்கோ. தமிழில படிப்பிக்க வேணும் எண்டு வந்த காலத்தில, இங்கிலீசில இருந்ததெல்லாத்தையும் இவன்தான் ஒவ்வொரு சொல்லாத் தமிழாக்கினவன். புத்தகம் இல்லை. கையால எழுதி, பிள்ளையளுக்குப் பிரதி பண்ணிக் குடுத்தவன். லீவுக்கு வந்தால் முதல் ரெண்டு நாளும் நித்திரைதான். தட்டி எழுப்பிச் சோறு குடுப்பன். கலவரம் நடந்த வருசம் ஒரு பையோட வந்து இறங்கினான், கண்ணெல்லாம் உள்ளுக்குப் போய். இனிப் போகாதை எண்டன். ரெண்டு மாசத்தில திரும்பப் போனான். "பிள்ளையள் காத்திருக்குதுகள் அக்கா" எண்டான். கலியாணம் பேசிப் பேசி எனக்கும் அலுத்துப் போச்சு. பொம்பிளை வீட்டில போயும் "குடும்பம் எண்டால் என்ன" எண்டு தொடங்கினால் ஆர் குடுப்பினம்?

இப்ப அந்தப் பொய்யுக்கு வாறன். பேத்தி பேனையை மாத்திக்கொண்டு வந்திட்டாள்.

அந்தக் காலம் நான் பக்கத்து ஊர் சல்லியில ஒரு கருவாட்டு வாடியில வேலை. என்ர மனிசனைக் கடல் கொண்டுபோன பிறகு அதுதான் சீவியம். மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைச்சுத் திருப்புறது. என்னைத் தவிரப் பதினெட்டுப் பொம்பிளையள். மீன் வெட்டுறதில கெட்டிக்காரி திரேசம்மா. வேதக்கார மனிசி, வாய் காது மட்டும். காய்ஞ்சதை எடுத்து டவுனில விக்கிறவ கதீசா உம்மா. கிண்ணியாவில பிறந்து டவுனில வாழ்க்கைப்பட்டவ.

எங்கட வாடியில ஒரு வழக்கம். கொப்பியும் பேனையுமா ஆர் வந்தாலும், கூப்பன் பாக்கிறவரோ, மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஆளோ, அவர் சைக்கிளை விட்டு இறங்க முதல் நாங்கள் ஒரு கதை கதைச்சு வைச்சிடுவம். எல்லாருக்கும் ஒரே மறுமொழி. ஒருத்தி ஒண்டு சொல்ல மற்றவள் இன்னொண்டு சொன்னால் அந்த ஆபீசர் மூண்டு தரம் திரும்பி வருவார். எல்லாரும் ஒண்டைச் சொன்னால் எழுதிக்கொண்டு போயிடுவார். அதைப் பொய் எண்டு நாங்கள் நினைக்கிறதில்லை. ஒத்துமை எண்டுதான் நினைக்கிறது.

தம்பி லீவில வந்து சொன்னான், "அக்கா, நாளைக்கு உங்கட வாடிக்கு வாறன். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா இருத்தி, எது மீன், எது மீனில்லை எண்டு கேக்கப்போறன். மீனைக் கையால தொட்டுச் சீவிக்கிறவை எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுவினமோ எண்டு பாக்க வேணும். இது பெரிய அலுவல். லண்டனில என்ர வாத்தியாரும் பாத்துக்கொண்டிருக்கிறார்."

எனக்குக் காதில ஏறினது ரெண்டு விசயம். பெரிய அலுவல். எல்லாரும் ஒரே மாதிரி. அப்ப ஒரே மாதிரிச் சொன்னால் தம்பி பாஸ், மாறிச் சொன்னால் பெயில் எண்டுதான் எனக்கு விளங்கினது. நான் விடியமுன்னம் வாடிக்கு ஓடினன். எல்லாரையும் கூப்பிட்டன்.

"கேளுங்கோ. பாரை மீன். திருக்கை மீன். சுறா மீன். ஓங்கில் மீன். கணவாய் மீனில்லை, இறால் மீனில்லை, நண்டு மீனில்லை. விளங்கினதோ?"

திரேசம்மா, "ஓங்கில் ஏன் மீன்? அது குட்டியெல்லோ போடுறது?" எண்டா.

"ஏன் எண்டு கேக்காதையும். மீன் எண்டு சொல்லும்."

"கணவாய் மீன் எண்டுதானே நான் டவுனில விக்கிறன்" எண்டா கதீசா உம்மா.

"டவுனில என்னெண்டாலும் வில்லுங்கோ உம்மா. தம்பியிட்ட இல்லை எண்டு சொல்லுங்கோ. பொடியன்ர படிப்பு."

அந்தச் சொல்லோட எல்லாரும் அடங்கிட்டினம். தாயில்லாமல் வளந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். தம்பி வந்தான். சாக்கை விரிச்சு எல்லாச் சாதியும் பரப்பி வைச்சான். ஒவ்வொருத்தியா வந்து இருந்தாள். பதினெட்டுப் பேரும் ஒரு வாய். தம்பியின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். வீட்ட வந்து ரெண்டு நீத்துப்பெட்டி பிட்டு இறக்கினன், ரெண்டையும் முடிச்சான்.

அதை இங்கிலீசில எழுதி வெளியில அனுப்பினவன். மண்டைக்குள்ள பெட்டியெல்லாத்துக்கும் மூடி லேசு எண்டு மற்றவை எழுதிக்கொண்டிருந்த காலமாம். என்ர தம்பி, இல்லை, கையால வேலை செய்யிறவைக்கு மூடி இறுக்கம் எண்டு எழுதினானாம், எங்கட பதினெட்டுப் பேரையும் சாட்சி வைச்சு. கன இடத்தில இருந்து கடிதம் வந்தது. லண்டனுக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கதைக்க வைச்சவை. பேராசிரியராக்கப் போகினம் எண்டு ஊரில எல்லாருக்கும் தெரியும். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து வைச்சிருந்தன். இவ்வளவுக்கும் நான் வாயைத் திறக்கேல்ல. திறக்க ஏதும் இருக்கெண்டே எனக்குத் தெரியாது.

கன வருசம் போச்சு. ஒரு லீவு நாள் மத்தியானம், நான் குசினியில தேங்காய் துருவுறன், தம்பி பலகையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். கதீசா உம்மா கடகத்தோட வந்தா.

"தம்பி வந்திருக்கிறாராம். நல்ல மீன் கொண்டந்திருக்கன்."

தம்பி எட்டிப் பாத்தான். கடகம் நிறையக் கணவாய்.

"உம்மா, இது மீனோ?"

"மீனில்லாம ஆட்டிறைச்சியோ, வாப்பா?"

"அண்டைக்கு வாடியில மீனில்லை எண்டனீங்களே?"

கதீசா உம்மா சிரிச்சா. "அது உங்கட அக்கா சொல்லித் தந்ததல்லோ. விடியக் காலமை ஓடிவந்து, ஒண்டொண்டாச் சொல்லித் தந்து, தலையில சத்தியம் வாங்காத குறை."

நான் துருவுறதை விட்டிட்டன். தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சான்.

"எத்தினை பேருக்குச் சொல்லிக் குடுத்தனீங்க அக்கா?"

"எல்லாருக்கும்."

"ஏன்?"

"நீ பெயிலாகக் கூடாதெண்டு."

அவன் என்னையே பாத்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். இருமலும் சிரிப்பும் கலந்து கண்ணால தண்ணி ஓடினது. கதீசா உம்மாவும் சிரிச்சா. நானும் சிரிச்சன். எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். பின்னேரம் பாத்தால் மேசையில இருந்து எழுதுறான். என்னடா எண்டு கேட்டன். "பிழை எண்டு எழுதுறன் அக்கா" எண்டான்.

"அனுப்பாதை" எண்டன். "கண்டிக்கும் லண்டனுக்கும் எங்கட கதை தெரியவே போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப நான் பஸ் ஏறி வாறன். உங்கட பெரிய வாத்தியிட்ட நானே சொல்லுறன், பிழை என்ர எண்டு."

"வேண்டாம். அவை உங்களைப் பாத்துச் சிரிப்பினம். அது எனக்கு ஏலாது."

கடிதம் போனது. பேராசிரியர் வேலை வேறை ஒராளுக்குப் போனது. கூப்பிட்டவை கூப்பிடுறதை விட்டிட்டினம். நான் ஒரு கிழமை சாப்பிடேல்ல. அவன்தான் என்னைத் தேத்தினவன். "பேராசிரியர் எண்டால் ஒரே கூட்டம் அக்கா. எனக்குக் களைச்சுப் போச்சு" எண்டான். களைச்சது உண்மை. அண்டைக்குப் பிறகு அவன் களைப்பு மாறின நாளை நான் காணேல்ல.

ஆனா வேலையை விட்டவனோ? இல்லை. எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்கினான். ஒவ்வொரு லீவும் சைக்கிளில சல்லி, சாம்பல்தீவு. வள்ளத்தில ஏறிக் கிண்ணியா. பஸ்ஸும், ஆறு கடக்கிற பாதைத் தோணியும் மாறி மாறி வெருகல் மட்டும். இந்த முறை சாக்கு விரிச்சுக் கேள்வி கேக்கேல்ல. சும்மா இருந்து பாத்தான். சமைக்கிறதைப் பாத்தான், விக்கிறதைப் பாத்தான். ஒரு நாள் என்னட்டக் கேட்டான், "உங்களுக்கு உண்மையிலயே கணவாய் மீனோ?"

"எங்க வைச்சுக் கேக்கிறாய்?" எண்டன். "வாடியில எண்டால் மீனில்லை, வேறையாத்தான் காயவைக்கிறது. குசினியில எண்டால் மீன். வெள்ளிக்கிழமை எண்டால் கட்டாயம் மீன், தொடமாட்டன்."

அவன் துள்ளி எழும்பினான். ஓடிப்போய்த் திரேசம்மாவைக் கேட்டான். அவைக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, மீன் சாப்பிடலாம். "கணவாய் சாப்பிடுறனான், அப்ப மீன்தானே" எண்டிருக்கிறா. கதீசா உம்மா, "அறுக்காமத் தின்னலாம், அப்ப மீன்தான்" எண்டிருக்கிறா. நான் வெள்ளிக்கிழமை தொடாததும், திரேசம்மா வெள்ளிக்கிழமை தின்னுறதும் ஒரே பெட்டிக்குள்ள! வீட்ட வந்து, "அக்கா, அண்டைக்கு நீங்க எல்லாரையும் தங்கட தங்கட வாயால சொல்லவிட்டிருந்தால் எவ்வளவு பெரிய விசயம் கிடைச்சிருக்கும்" எண்டான். கோபமாச் சொல்லேல்ல. சந்தோசமாச் சொன்னான். அதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறாமல் கிடக்கு.

அதைத் தமிழில எழுதினான், சின்னப் புத்தகமா. கன பேர் வாசிக்கேல்ல. பிறகு வேலை முடிச்சு ஊரோட வந்து, அதுக்கு மேல பெரிசா ஒண்டு எழுதிக்கொண்டிருக்கேக்க நெஞ்சு நோகுது எண்டான். ஆசுப்பத்திரியில மூண்டு நாள். கடைசி நாள், "அக்கா, நீங்க போய்ப் படுங்கோ, முகம் வாடிக்கிடக்கு" எண்டான். அதுதான் என்னோட கதைச்ச கடைசிக் கதை.

அந்தியேட்டி முடிஞ்ச பிறகு, பந்தலில கேட்ட கதை என்னை அரிச்சுக்கொண்டிருந்ததால, பேத்தியைக் கொண்டு அலுமாரியைத் திறந்து அவன் அனுப்பின கடிதத்தின்ர பிரதியைத் தேடினன். அவள் அகராதியை வைச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டினாள். அதில என்ர பேர் இல்லை. வாடியில நடந்தது இல்லை. "நான் கேட்ட முறை பிழை. அந்தப் பெண்கள் எல்லோரும் நேர்மையாகத்தான் பதில் சொன்னார்கள். தவறு முழுவதும் என்னுடையது." இவ்வளவுதான். வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? பொம்பிளையள் நேர்மையெண்டால் இவன் தானே எழுதிச் சோடிச்சிருக்கிறான் எண்டு நினைப்பான். நினைச்சினம். என்னை ஆரும் பாத்துச் சிரிக்கக் கூடாதெண்டு அவன் அதைத் தன்ர தலையில போட்டுக்கொண்டான். அந்த நடு வரி உண்மையில்லை. என்ர தம்பி எழுதின பொய் அது ஒண்டுதான்.

நேர்மையா நாங்கள் சொல்லேல்ல. நான் சொல்லிக் குடுத்துச் சொன்னது. இது அச்சில வர வேணும். தம்பி இருந்தால் விட்டிருக்கமாட்டான். இல்லையே.

நன்றி சொல்ல வேணும். ஆசுப்பத்திரியில மூண்டு நாளும் பக்கத்தில நிண்ட தாதிப் பிள்ளைக்கு. கண்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து பாடை தூக்கின மாணவருக்கு. செத்தவீட்டுக்கு எட்டு நாளும் தேத்தண்ணியும் பாணும் அனுப்பின கதீசா உம்மாவின்ர குடும்பத்துக்கு. மாதா கோயிலில பூசை வைச்ச திரேசம்மாவுக்கு. அண்டைக்கு வாடியில நிண்ட பதினெட்டுப் பேரில இண்டைக்கு உசிரோட இருக்கிறது ஏழு பேர். ஏழு வீட்டுக்கும் போனன். இப்பிடி எழுதப்போறன், உங்களுக்கும் வெக்கம் வரும் எண்டு சொன்னன். ஒருத்தியும் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அவைக்கும் நன்றி. பந்தலில கதைச்ச ஆள் ஆர் எண்டு எனக்குத் தெரியும், பேர் போடேல்ல. திவசத்துக்கு வாங்கோ. வயிறாறச் சாப்பிடுங்கோ. பிறகு என்னை ஏதும் கேக்க வேணும் எண்டால் கேளுங்கோ.

அச்சகத்துக்காரர் சொன்னவர், நினைவு மலரில கைநாட்டு ஆரும் போடுறதில்லையாம், பேரை மட்டும் போட்டால் வடிவா இருக்குமாம். வடிவு எனக்கு வேண்டாம். பேத்தி மை பூசி விட்டாள். கீழ இருக்கிறது என்ர பெருவிரல்.